கொலுவுக்குக் கீழே ஓடிய அமெரிக்க ரயில்

என் கணவர் ஏலத்துக்குப் போனது சாய்வு நாற்காலி வாங்க. வந்து இறங்கியது ஒரு தேக்குப் பெட்டி, அது நிறையப் பழைய பத்திரிகைகள். எனக்கு வந்த கோபத்தில் பெட்டியை அப்படியே வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

அவருக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் படம் வரைகிற உத்தியோகம். அங்கே இருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார். நாற்காலியை வேறு யாரோ தட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். "வெறுங்கையோட திரும்புவானேன்னு இதை எடுத்துண்டு வந்தேன்" என்றார். சொன்ன முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நாற்காலியை அவர் ஏறெடுத்தும் பார்த்திருக்க மாட்டார்.

யுத்தம் வருவதற்கு ஓரிரண்டு வருஷம் முன்னால் நடந்தது இது. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் எங்கள் வீடு. மாமியார், அவர், நான், மூன்றே பேர். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. அதைப் பற்றி எனக்கு இருந்த வருத்தத்தைவிட, அதைப் பற்றிக் கேட்கிறவர்கள் மேல் இருந்த எரிச்சல்தான் அதிகம். முக்கியமாக எதிராத்து மாமி. வருஷா வருஷம் நவராத்திரியில் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வருவாள். கொலுவை ஒரு பார்வை, என் வயிற்றை ஒரு பார்வை. "என்னடி, விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்பாள். நான் குங்குமச் சிமிழைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மாமியார், "பெருமாள் அனுக்ரஹம் பண்ணணும்" என்று தரையைப் பார்த்துச் சொல்வார். உடனே மற்ற மாமிகள் ஆளுக்கொரு விரதம் சொல்லுவார்கள். நவராத்திரி ஒன்பது நாளும் எனக்கு அது ஒரு பரீட்சை, வருஷா வருஷம் பெயில்.

பெட்டிக்கு வருகிறேன். பத்திரிகை முழுக்கச் சின்ன ரயில் செய்வதைப் பற்றி! விளையாடுகிற குழந்தைகளுக்கு அல்ல. மீசை வைத்த பெரிய மனுஷர்கள் தரையில் மண்டி போட்டுக்கொண்டு தண்டவாளம் போடுகிற படங்கள். அதிலும் அந்தத் துரை பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்ததெல்லாம் ஒரே சமாசாரம்: அமெரிக்க மலைகளில் வெள்ளிச் சுரங்கங்களுக்குப் போன குறுகிய பாதை ரயில். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் மூன்றே அடி. எஞ்சினோ சின்னது, அதன் புகைபோக்கியோ தலைப்பாகை கட்டினது போல. முன்னால் ஒரு பெரிய விளக்கு, முதுகில் ஒரு மணி, மூக்கில் மாட்டை ஒதுக்கித் தள்ளுகிற சாய்வுத் தடுப்பு. அது போகிற பாலம் இரும்பே இல்லாமல் முழுக்க மரத்தால் ஆனது. பள்ளத்திலிருந்து கால்களாக எழும்பிக் கோபுர உயரம் நிற்கிறது. அந்தப் பாலத்தைப் பார்த்த நிமிஷமே எனக்குப் பித்து ஏறிவிட்டது. மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

"நம்ம வண்டி மீட்டர் கேஜ். மூணடிக்கு மேல மூணு அங்குலத்துச் சொச்சம், அவ்வளவுதான்" என்றார் அவர். "இது அதுக்கும் தம்பி. அகலம் குறைச்சலானதால சின்ன இடத்திலேயே வளைஞ்சு திரும்பும். நம்மாத்துக் கூடத்துலயே திரும்பும்!"

அந்த 'நம்மாத்துக் கூடம்' என்ற வார்த்தை வாயிலிருந்து விழுந்ததும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பொழுது போனது தெரியாமல் அன்று சாதம் குழைந்துபோனது.

அவருக்குப் படம் புரியும், எனக்குப் பாஷை புரியும். ஆபீஸ் இங்கிலீஷ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்த அமெரிக்கர்கள் எழுதுகிற கேலியும் கொச்சையும் அவருக்குப் பிடிபடவில்லை. பள்ளிக்கூடத்தில் கதைப் புஸ்தகமாகப் படித்துத் தீர்த்த எனக்கு அது வெல்லம். நான் வாசித்துச் சொல்ல, அவர் அடிக்கு அரை அங்குலம் என்று கணக்கு வைத்து வரைவார். மூன்றடிப் பாதை ஒன்றரை அங்குலம் ஆனது.

ஒரு நோட்டுப் புஸ்தகம் போட்டேன். இடது பக்கம் அமெரிக்காக்காரன் என்ன கேட்கிறான், வலது பக்கம் திருச்சிராப்பள்ளியில் என்ன கிடைக்கும். முதல் வரியிலேயே எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மெல்லிய, நேரான, விரிசல் விடாத பலகை வேண்டுமானால் சுருட்டுப் பெட்டியைத் தேடுங்கள் என்று எழுதியிருந்தான். திருச்சியில் இருந்துகொண்டு சுருட்டுப் பெட்டியைத் தேட வேண்டுமா? உறையூர்ப் பக்கம் போனால் மலை மலையாக அடுக்கியிருக்கும். அவர் அங்கவஸ்திரத்துக்குள் மறைத்து நாலைந்தாகக் கொண்டுவந்தார். கிணற்றடியில் மூன்று தரம் தேய்த்து அலம்பி வெயிலில் காயவைத்தேன். அப்படியும் மாமியார் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "யாராத்துல சுருட்டுப் பிடிக்கறா?" என்று இரண்டு நாள் எதிர் வீட்டையே சந்தேகப்பட்டார்.

தண்டவாளத்துக்குப் பெரிய கடைவீதியில் சரக்குப் பெட்டிகளைக் கட்டி வருகிற இரும்புப் பட்டை. அதைச் செங்குத்தாக நிறுத்திச் சுருட்டுப் பலகைத் துண்டில் வெட்டின காடியில் செருகினால் கச்சிதமாக நின்றது. பாய்லருக்கு பிஸ்கட் டின். ஓட்டுவதற்கு ஒரு செத்துப்போன டைம்பீஸின் ஸ்பிரிங்கும் சக்கரங்களும். தலைப்பாகைப் புகைபோக்கிக்கு என் பழைய குங்குமச் சிமிழ். அமெரிக்காவில் தேடினாலும் அவ்வளவு பொருத்தமாகக் கிடைத்திருக்காது. மணிக்குச் சலங்கையிலிருந்து ஒரு மணி. ஒர்க்‌ஷாப்பிலிருந்து மட்டும் ஓர் ஆணிகூட வராது. அந்த விஷயத்தில் அவர் ஹரிச்சந்திரன். எனக்குச் சில சமயம் அழுகையே வரும்.

பின்கட்டில் நெல் கொட்டுகிற அறையில்தான் எங்கள் வேலை. அறுவடை வரப்போகிறது, அறையைக் காலி பண்ணு என்று மாமியார் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் புரட்டாசி பிறந்ததும் ஒரு நாள் எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்துத் தீர்ப்புச் சொன்னார்.

"கொலுப்படிக்குக் கீழே பார்க் வெக்கற இடத்துல வெச்சுக்கோங்கோ. சரஸ்வதி பூஜை அன்னிக்குச் சாயங்காலம் பொண்டுகள் வரச்சே ஓடணும். ஓடித்துன்னா அந்தப் பின்கட்டு உள்ளு உங்களுக்கே. ஓடலேன்னா மறுநாள் அத்தனையும் தவலை அடுப்புக்கு. வெந்நீராவது காயட்டும்."

"சரி" என்றேன் நான். அவர் என் முழங்கையைக் கிள்ளுவதற்குள் சொல்லிவிட்டேன். எனக்கு ஒரே எண்ணம்தான். இந்த வருஷம் எதிராத்து மாமி கூடத்துக்குள் நுழைந்ததும் பார்ப்பதற்கு என்னைத் தவிர வேறு ஏதாவது இருக்க வேண்டும்.

பாலத்துக்குப் பழைய மூங்கில் தட்டியைப் பிரித்துக் குச்சி எடுத்தோம். பதினோரு கால். ஒவ்வொரு காலுக்கும் நான்கு குச்சி, குறுக்கே சாய்வாகச் சட்டங்கள். ஒட்டுவதற்கு என்ன என்று பத்திரிகையைப் பார்த்து உரக்க வாசித்தேன். அங்கேதான் கெட்டது. "மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை..." என்று தமிழில் சொல்லி முடிப்பதற்குள் சமையலுள்ளிலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"என்னடி அது? என்னத்தைக் காய்ச்சறது?"

வஜ்ரம் என்று கடைப் பெயரைச் சொல்லியிருந்தால் அவருக்குத் தெரிந்தே இருக்காது. கொலு வைக்கிற வீட்டுக்குள் அது நுழையக் கூடாது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். நான் புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சினேன். கோயில் மதில் கட்டின சுண்ணாம்பில் வெல்லமும் கடுக்காயும் சேர்த்திருக்கிறார்கள், அதனால்தான் அப்படி நிற்கிறது என்று என் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். மதிலுக்கு ஆகுமென்றால் பாலத்துக்கு ஆகாதா? பசையில் ஒரு கை வெல்லம் போட்டேன். பிடித்தது பாருங்கள், உடும்புப் பிடி! என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நவராத்திரி பிறந்தது. படிகளுக்குக் கீழே மண்ணைக் குவித்து மலை, மலை மேல் கேழ்வரகு முளை விட்ட பச்சை. அதைச் சுற்றித் தண்டவாளம், இரண்டு மலைக்கும் நடுவில் ஒரு முழ உயரத்தில் எங்கள் பாலம். மேல்படியில் பெருமாளும் தாயாரும், கீழே அமெரிக்கா. எஞ்சினின் மூக்கைக் காட்டி, "இது எதுக்கு?" என்று மாமியார் கேட்டார். மாட்டை ஒதுக்க என்றேன். "இடிக்கவா?" "இல்லேம்மா, ஒதுக்க." "அப்ப சரி" என்று போய்விட்டார். எட்டாம் நாள் சாயங்காலம் எஞ்சின் முதல் தடவையாகப் பாலத்தைத் தாண்டியது. நானும் அவரும் கத்தின கத்தலில் கூடத்துப் பல்லி கீழே விழுந்தது. பெண்டுகளுக்கு நாளைக்குத்தான் என்று அன்று யாருக்கும் காட்டாமல் துணி போட்டு மூடிவைத்தேன்.

சரஸ்வதி பூஜை அன்று காலையில் குளித்துவிட்டு வந்து துணியை எடுத்தேன். பாலம் இல்லை.

குச்சிகள் மலையடிவாரத்தில் சிதறிக் கிடந்தன. எறும்புகள் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. அவை மட்டுமா? எலியும் வந்திருக்கிறது, வெல்லப் பசை இருந்த ஒவ்வொரு மூட்டையும் தேடித் தேடிக் கடித்திருந்தது. பதினொன்றில் ஒரே ஒரு கால் மட்டும் ஏனோ தப்பி நின்றது. கோயில் மதிலில் வெல்லம் போட்டவர்கள் கூடவே சுண்ணாம்பும் போட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஓடினேன் பின்கட்டுக்கு, கத்தியையும் குறட்டையும் எடுக்க. அறை துடைத்துவிட்டது போல இருந்தது. கூடத்துக்கு ஓடிவந்தேன். விடிவதற்கு முன்பே மாமியார் பூஜைப் பலகையை அடுக்கி முடித்திருந்தார். சுவடி, திவ்யப் பிரபந்தம், அவற்றின் பக்கத்தில் என் நோட்டுப் புஸ்தகம், அமெரிக்கப் பத்திரிகைகள், கத்தி, குறடு, அரம், பற்றுவைக்கிற கோல், என் கணவரின் ஸ்கேல், கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் இட்டாயிற்று. பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி வரைக்கும் தொடக் கூடாது, படிக்கவும் கூடாது. பாலத்தின் அளவெல்லாம் அந்த நோட்டில்தான் இருந்தது.

"அந்தக் கத்தியை மட்டும்..." என்று ஆரம்பித்தேன்.

"தொடப்படாது."

"இன்னிக்கு ஓடணும்னு சொன்னது நீங்கதானேம்மா?"

"ஆமாம். இன்னிக்குத்தான்."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. ஒட்டுப் பசை வேண்டாம் என்றதும் இவர், உள்ளதையெல்லாம் விடியாமலே பூஜையில் வைத்ததும் இவர், அடுப்பில் போடுகிறேன் என்பதும் இவர். கண் முட்டிக்கொண்டு வந்தது. என் கணவரோ, ஸ்கேலும் பென்சிலும் இல்லாமல் என்ன செய்வது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கையில் ஓர் அடிக்கோல் இல்லாவிட்டால் அவருக்கு வாசல் எந்தப் பக்கம் என்பதுகூட மறந்துவிடும்.

தாயாருக்குச் சாத்துவதற்காக முல்லையும் மருக்கொழுந்தும் ஒரு கூடையில் இருந்தன. கூடை ஓரத்தில் நனைத்துச் சுருட்டிவைத்த வாழைநார். அழப்போன நான் அதைப் பார்த்தேன்.

பூக்கட்டுவதற்குக் கத்தி எதற்கு? பசை எதற்கு? இரண்டு காம்பை எதிரெதிராக வைத்து, நாரால் ஒரு சுற்று, விரலில் ஒரு வளையம், ஒரு இழுப்பு. பாவாடை கட்டின நாள் முதல் கட்டுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு கட்டுவேன். காம்பு இருக்கிற இடத்தில் குச்சி, அவ்வளவுதானே!

"ஏன்னா, அந்த ரெண்டையும் குறுக்கே பிடிங்கோ" என்றேன். முதல் மூட்டைக் கட்டி இழுத்தேன். ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. "அடியேய்!" என்றார். அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு நாங்கள் சாப்பிட்டோமா, எழுந்தோமா, ஒன்றும் நினைவில்லை. தப்பி நின்ற அந்த ஒற்றைக் காலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதோடு உயரம் பார்த்தோம். எலி கடித்துக் குட்டையாகிப்போன குச்சிகளுக்குத் தென்னை ஈர்க்கை மூன்று மூன்றாகச் சேர்த்துக் கட்டினேன். ஈர்க்கு நகத்தாலேயே ஒடியும். எந்தச் சட்டம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதற்கு நோட்டு எனக்கு வேண்டியிருக்கவில்லை. அத்தனை தடவை வாசித்திருக்கிறேன், கண்ணுக்குள்ளேயே நின்றது. அவர் பிடிக்க நான் கட்ட, ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு என்று கால்கள் எழும்பி நின்றன. விரல் நுனியெல்லாம் எரிந்தது. உள்ளுக்குள்ளே குதூகலமாக இருந்தது. அமெரிக்காக்காரன் ஒருவன்கூட இப்படிப் பாலம் கட்டியிருக்க மாட்டான்!

வெகு நாள் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. அன்று அக்காரவடிசிலும் வடையும் சுண்டலும் மாமியார் தனியாகவே செய்திருக்கிறார். ஒரு தரம்கூட என்னைச் சமையலுள்ளுக்குக் கூப்பிடவில்லை.

வெயில் தாழ்ந்தபோது பதினோராவது கால் நின்றது. மேலே தண்டவாளத்தை வைத்தேன். எஞ்சினை எடுக்கப் போனால் அதன் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. இதையும் பூஜையில் சேர்த்துவிட்டாரா?

"அம்மா, இதை ஓட்டலாமோ?"

மாமியார் ஈரக் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்தார். எஞ்சினைப் பார்த்தார், என் விரல்களைப் பார்த்தார்.

"கத்தியும் குறடும் ஆயுதம். அதெல்லாம் இன்னிக்குத் தூங்கணும். இது வாகனம். வாகனம்னா புறப்பாடு உண்டு" என்றார்.

ஸ்ரீரங்கத்தில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

பெண்டுகள் வந்துவிட்டார்கள். பட்டுப்புடவைச் சலசலப்பு கூடம் நிறைந்தது. எதிராத்து மாமி முன்னால் உட்கார்ந்தாள். நான் சாவியை முறுக்கி எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்தேன். பின்னால் சுருட்டுப் பலகையில் செய்த இரண்டு பெட்டிகள். விட்டேன். சலங்கை மணி கிணிகிணிக்க அது புறப்பட்டது. முதல் வளைவில் சற்றுச் சாய்ந்து, நிமிர்ந்து, கேழ்வரகு மலைக்குப் பின்னால் போயிற்று.

வண்டி மறைந்த அந்தச் சந்தில்தான் எதிராத்து மாமி என் பக்கம் திரும்பினாள். பார்வை எங்கே இறங்குகிறது என்று எனக்குத் தெரியும்.

"அதெல்லாம் இருக்கட்டும். என்னடி, இந்த வருஷமாவது..."

"செத்த இருங்கோ" என்றார் மாமியார். தரையைப் பார்க்கவில்லை. மாமியை நேராகப் பார்த்துச் சொன்னார். "வண்டி பாலத்துக்கு வரது. எங்காத்துப் பொண்ணு கட்டின பாலம்."

அத்தனை தலைகளும் திரும்பின. மலைக்குப் பின்னாலிருந்து எஞ்சின் வெளியே வந்தது. நெற்றிப் பொட்டோடு பாலத்தில் ஏறியது. நார்க்கட்டுகள் லேசாக முனகின. ஒரு கால், இரண்டாம் கால், நடுக்கால். பதினோராவது காலையும் தாண்டி அந்தப் பக்கத்து மலையில் அது கால் வைத்ததும் எதிராத்து மாமி, "ஐயோ, போயிடுத்துடி!" என்று கை தட்டினாள், குழந்தை மாதிரி.

அப்புறம் கேள்விகள் வந்தன. எப்படித் திரும்பறது, எத்தனை நாளாச்சு, பாலத்தை நாரால கட்டினயா, இன்னொரு தரம் விடேன். எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். எனக்கு வாய் ஓயவில்லை. விளக்கு வைக்கிற வரைக்கும் சாவி முறுக்கி முறுக்கி விட்டேன். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு ஒவ்வொருத்தியாக வாசல் இறங்கினார்கள். அந்த ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை.

எல்லாரும் போனதும் மாமியார் கொலுப்படிக்கு எதிரே, எதிராத்து மாமி உட்கார்ந்திருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நான் சரியாவே பாக்கலை. அவ மூஞ்சியைத்தான் பாத்துண்டிருந்தேன்" என்றார். "இன்னொரு தரம் விடு."